சேலம், ஏற்காடு, யூட்டா: ஐந்து கணினிகளுக்கு இடையே பேண்ட்வித் அளந்தால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

கேள்வி: அஸ்தம்பட்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கணினிகளுக்கிடையே பெரிய கோப்புகளை எந்த வழியாக அனுப்பினால் விரைவில் போய்ச் சேரும் என்று ஆராய்வதற்காக, ஐந்து கணினிகள் கொண்ட ஒரு சிறு சோதனைக்களத்தை அமைத்திருக்கிறோம். மூன்று எங்கள் ஆய்வகத்திலேயே இருக்கின்றன. நான்காவது, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறது. கல்லூரி மொட்டை மாடிக்கும் அதற்கும் சுமார் 12 கிலோமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்பு. ஐந்தாவது, அமெரிக்காவில் யூட்டாவிலுள்ள கிளவுட்லேப் என்ற, ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் களத்தின் கணினி.

எங்களுக்கு முன் படித்தவர் விட்டுச்சென்ற ஸ்கிரிப்டைக் கொண்டு ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரல் மூலம் அளக்கிறேன். ஆய்வகத்தில் முதல் இரண்டு கணினிகளுக்கு இடையே விநாடிக்கு 941 மெகாபிட் வருகிறது. மூன்றாவதற்கு மட்டும் எத்தனை முறை ஓட்டினாலும் 94. ஏற்காட்டுக்குக் காலையில் 60, சில மாலைகளில் 25. யூட்டாவுக்கு 1.9 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. ஆனால் அதே கணினியிலிருந்து பிரௌசரில் ஒரு கோப்பை இறக்கினால் அதைவிடப் பன்மடங்கு வேகமாக வருகிறது. போதாக்குறைக்கு, பாக்கெட்டுகளை (தரவின் சிறு துண்டுகளை) இரண்டிரண்டாக அனுப்பி அவற்றின் இடைவெளியை வைத்துக் கணக்கிடும் ஒரு கருவியை ஓட்டினேன். அது ஏற்காட்டு இணைப்புக்கு 400 மெகாபிட் என்கிறது. ஏற்காட்டு வேகம் குறைவதற்கு மூடுபனிதான் காரணம் என்று ஆய்வகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். இவற்றில் எந்த எண்ணை நம்பி ஆய்வுக் கட்டுரையில் எழுதுவது?

பதில் 1: செவ்வாய்ப்பேட்டை கேபிள்காரர்

யூட்டா எண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த 1.9 தன் கதையைத் தானே சொல்கிறது. உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து, விண்டோ அளவைக் குறிக்கும் 'டபிள்யூ' ஆப்ஷன் 64 கே என்று இருக்கிறதா பாருங்கள். பிங் நேரம், அதாவது ஒரு பாக்கெட் போய்ப் பதில் திரும்பும் நேரம், 270 மில்லிவிநாடி அளவில் இருக்குமென்று நினைக்கிறேன். இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபி ஒரு விண்டோ அளவு தரவை அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்ததென்ற பதில் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 65,536 பைட்டை எட்டால் பெருக்கி 0.27-ஆல் வகுத்தால் 1.94 மெகாபிட். அப்படியானால் நீங்கள் அளந்தது யூட்டாவுக்குப் போகும் பாதையை அல்ல, ஸ்கிரிப்டில் எழுதியிருக்கும் ஓர் எண்ணை. ஏற்காட்டுக்கு 4 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் அதே 64 கே 131 மெகாபிட் வரை இடம் கொடுக்கும். அதனால்தான் அந்த ஸ்கிரிப்ட் உள்ளூரில் சரியாக ஓடுவதுபோல் தோன்றியிருக்கும். அந்த ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை லினக்ஸ் பஃபரை (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவிடத்தை) தானாகப் பெரிதாக்கிக்கொள்ளாது. 100 மெகாபிட் வேகத்தை 270 மில்லிவிநாடித் தொலைவில் நிரப்ப ஏறத்தாழ 3.4 மெகாபைட் வழியில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. 10 பாக்கெட்டில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாகி டிசிபி அந்த அளவை எட்ட எட்டுச் சுற்றாவது ஆகும். யூட்டாவுக்கு அது 2 விநாடிக்கு மேல். 10 விநாடிச் சோதனையில் இதையும் சேர்த்துச் சராசரி போட்டால் எண் குறைவாகத்தான் வரும். முதல் சில விநாடிகளைக் கணக்கில் விடுவதற்கு ஐபெர்ஃப்3-லேயே ஆப்ஷன் உண்டு.

94-ஐப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது கேபிள். ஈதர்நெட்டில் 1,448 பைட் தரவைக் கொண்டுபோக, தலைப்புகளும் இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 1,538 பைட் நேரம் பிடிக்கும். எனவே கிகாபிட்டில் 941, 100 மெகாபிட்டில் 94.1. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; ஒரு ஜோடி கேபிள் முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால் (அழுத்திப் பொருத்தப்படாவிட்டால்) பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில் 'ஸ்பீடு' வரியைப் பாருங்கள்.

பதில் 2: நாகலூர் தோட்டம்

மூடுபனியின்மீது பழி போடுவது எங்கள் மலையில் பழைய வழக்கம். இங்கே பனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும்; ஆனாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. லேசர் ஒளியில் அனுப்பும் இணைப்பாக இருந்தால்தான் பனி அதை மறைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மரம். காப்பிக்கு நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் வேகமாக வளரும். நேர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே கிளை நின்றாலும் அலை பாதிக்கப்படும். ரேடியோக் கம்பத்திலிருந்து 100 மீட்டர் தள்ளினாலே நேர்க்கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், நடுவழியில் ஏறத்தாழ 12 மீட்டர். நடுவழி அந்தரத்தில் இருப்பதால் கவலையில்லை. மலைப்பக்க முனைதான் சிக்கல். மாலை மழையில் நனைந்த இலை, உலர்ந்த இலையைவிட அதிகமாக அலையை உறிஞ்சும். சிக்னல் குறைந்தால் ரேடியோ தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஐபெர்ஃப் ஓட்டத்தோடும் அந்த நேரத்துச் சிக்னல் அளவையும் ரேடியோ வேகத்தையும் குறித்து வையுங்கள். அவையில்லாமல் 60, 25 என்பவை வெறும் எண்கள். மே மாதக் கூட்டத்தில் விடுதிகளின் வைஃபை நெரிசலும் இதில் சேரும், அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பதில் 3: பிளானட்லேப் காலத்து ஆள்

400 மெகாபிட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தக் கருவி, இரண்டு பாக்கெட்டுகள் குறுகலான இடத்தைக் கடக்கும்போது ஏற்படும் இடைவெளியை அளக்கிறது. ரேடியோவோ பல பாக்கெட்டுகளை ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்பும் வழக்கமுடையது. இரண்டும் ஒரே கட்டில் வந்தால் பெறுபவருக்கு இடையில் இடைவெளியே தெரியாது, கருவி ஏமாந்துவிடும். 2002-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட, உலகெங்கும் கணினிகள் கொண்ட ஆய்வுக்களமான பிளானட்லேபிலும் இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்றைப் பார்த்தோம். ஒரே கணினியைப் பல ஆய்வாளர்கள் பகிர்ந்துகொண்டதால் நம் நிரல் தன் முறைக்காகச் சில மில்லிவிநாடிகள் காத்திருக்கும். 100 மெகாபிட்டில் ஒரு பாக்கெட் கடக்கும் நேரமோ 123 மைக்ரோவிநாடிதான். அந்தக் கடிகாரத்தில் இடைவெளி அளப்பது, நெல் மூட்டை எடை போடும் தராசில் குங்குமப்பூ நிறுப்பது போன்றது.

எந்த எண் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் எதைக் கேட்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். பாதையின் முழுக் கொள்ளளவா, மற்றவர்கள் பயன்படுத்தியது போக மிஞ்சியிருப்பதா, அல்லது ஒரு டிசிபி இணைப்புக்குக் கிடைப்பதா? ஆய்வாளர்கள் ஜெயினும் டொவ்ரோலிஸும் 2002-இல் வெளியிட்ட பாத்லோடு என்ற கருவி இரண்டாவதை அளப்பதற்கானது. கோப்பு அனுப்புவது உங்கள் ஆய்வென்றால் மூன்றாவதுதான் உங்களுக்குப் பொருந்தும், ஐபெர்ஃப்3 போதும். ஆனால் இரு திசையிலும் அளக்க வேண்டும் என்பதால் ஐந்து கணினிக்கு 20 சோதனைகள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று அளக்கும். கிகாபிட்டில் 10 விநாடி என்பது கிட்டத்தட்ட 1.2 ஜிகாபைட், பகிர்ந்த களத்தில் அது மற்றவர்களுடைய சோதனையையும் கெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபதில்: அஸ்தம்பட்டி மாணவி

மூவருக்கும் நன்றி. ஸ்கிரிப்டின் ஆறாவது வரியில் 64 கே இருந்தது. அதை எடுத்துவிட்டு, முதல் 4 விநாடிகளைத் தள்ளி ஓட்டியபோது யூட்டாவுக்கு 58 மெகாபிட் வந்தது. மூன்றாவது கணினியின் கேபிளில் பழுப்பு ஜோடியின் ஒரு கம்பி முனைக்குள் நுழையாமலே வெளியே மடங்கிக் கிடந்தது, மாற்றியதும் 941. ஏற்காட்டில் 25 வந்த இரண்டு மாலைகளிலும் ரேடியோ வேகம் பாதியாக இறங்கியிருந்ததும், இரண்டு நாளும் மழை பெய்திருந்ததும் பதிவில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மேலாளரிடம் அனுமதி வாங்கிக் கம்பத்தின்மேல் ஏறிப் பார்க்கிறோம். இடைவெளி அளக்கும் கருவியின் எண்ணைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.