மறு: 'செலக்டிவ் டெமாலிஷன்' – 'பிரித்திறக்கல்' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

'செலக்டிவ் டெமாலிஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மின்னஞ்சல் இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் கட்டடத் தொழிலாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறவன் நான். இந்தச் சொல் எனக்கு அடுத்த வாரமே வேண்டும். பழைய கட்டடத்தை ஆளுக்கு அடிபடாமல் அகற்றுவதும், விழுகிற கழிவை அங்கேயே வகை வகையாக ஒதுக்குவதும் எங்கள் பாடத்தில் இப்போது ஒரே பகுதி. அதற்கு 'செலக்டிவ் டெமாலிஷன்' என்றே தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். கையேடு அவர்கள் கைக்குப் போவதற்குள் தலைப்பைத் தமிழாக்கிவிட ஆசை.

> 'தெரிவு இடிப்பு' என்பதே சுருக்கமாகவும் மூலத்துக்கு நேராகவும் இருக்கிறது.

ஐயா, அகராதிப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், "தெருவ இடிக்கிறதா சார்?" என்று கேட்டான். உச்சரிப்பைப் பழக்கிவிடலாம், அது பெரிய காரியமில்லை. அடியில் 'இடிப்பு' என்ற சொல் அப்படியே கிடப்பதுதான் எனக்குச் சிக்கல். முன்னால் எந்த அடைமொழியைச் சேர்த்தாலும், 'இடி' என்று காதில் விழுந்தால் கை சம்மட்டிக்குத்தான் போகும்.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனேன். தருமபுரி, பென்னாகரம், அரூர்ப் பக்கத்திலிருந்து அங்கே கட்டட வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. ஒரு பழைய சுற்றுச்சுவரை எடுக்க வேண்டியிருந்தது. மேலிருந்து வரிசை வரிசையாக எடுத்தால் இரண்டு நாள் ஆகும். மேஸ்திரி அடியில் இரண்டு வரிசைக் கல்லைக் கொத்தி எடுக்கச் சொல்லி, "இடிச்சுத் தள்ளு" என்றார். சுவர் அந்தப் பக்கம் சாயும் என்று நினைத்தோம். எங்கள் பக்கம் சாய்ந்தது. என்னோடு போன பென்னாகரத்துக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அவர் இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். இடிப்பு வேலைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4130, மேலிருந்து கீழாக, மாடி மாடியாக வர வேண்டும் என்கிறது. எங்கள் மேஸ்திரிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர் வாயில் இருந்தது 'இடி', 'தள்ளு' என்ற இரண்டே ஏவல். வேலையும் அந்த இரண்டு சொல்லின்படியே நடந்தது.

> 'கட்டவிழ்ப்பு' ஏற்கெனவே இருக்கிறதே. டீகன்ஸ்ட்ரக்ஷனுக்கு (கட்டடத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றுவதற்கு) அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அழகான சொல் அம்மா. ஆனால் சிற்றிதழ்காரர்கள் அதையும் 'கட்டுடைப்பு' என்பதையும் இலக்கியக் கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு பல ஆண்டாகிறது. கையேட்டில் போட்டால் தேடுகிறவர்கள் வேறிடத்துக்குப் போய்விடுவார்கள். தவிர, அவிழ்ப்பது கயிற்றையும் முடிச்சையும். சுவரை யாரும் அவிழ்ப்பதில்லை.

என் பரிந்துரைக்கு வருகிறேன். அது எனக்குத் தோன்றியதே வகுப்புக்கு வெளியில்தான்.

தை மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குப் பன்னிரண்டு பேரைச் செய்முறைக்கு அழைத்துப் போனேன். மங்களூர் ஓடு, கீழே அதைத் தாங்கும் மரங்களான ரீப்பர், கைமரம், உத்திரம். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மின் இணைப்பைத் துண்டித்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, சுற்றிக் கயிறு கட்டி ஆள் வராமல் தடுத்து, கதவு ஜன்னலை எடுத்த பிறகு முகட்டு ஓட்டில் கை வைத்தோம். ஒரே பக்கத்து ஓட்டை எல்லாம் எடுத்துவிட்டால் பாரம் ஒருபுறமாகிக் கூரை சாயும். அதனால் இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை. ஏணியில் நின்றவர் ஒவ்வோர் ஓட்டையும் வாங்கி விரல் கணுவால் தட்டினார். கணீரென்றால் இடது கைப்பக்கம், மொத்தென்றால் வலது கைப்பக்கம். விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல ஓடு வேறொரு கொட்டகைக்குப் போனது, உடைந்தது தனியாகக் குவிந்தது.

அந்த வீட்டுப் பாட்டி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இடிக்கப் போறாங்கன்னு பையன் சொன்னான், நீங்க பிரிக்கிறீங்களே சாமி. எங்க மாமனார் காலத்துலயும் இப்படித்தான் பிரிச்சுக் கட்டினாங்க" என்றார்.

எனக்கு அங்கேயே சொல் கிடைத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஓடு பிரிக்கிறோம், கூரை பிரிக்கிறோம், பந்தல் பிரிக்கிறோம், சாரம் பிரிக்கிறோம், சென்ட்ரிங் பிரிக்கிறோம். எதுவும் இடிப்பதில்லை. எல்லாமே பூட்டியதைப் பூட்டிய முறைக்கு எதிர்வரிசையில் கழற்றுவது. அதே 'பிரி' என்ற வினைதான் மக்குவதையும் மக்காததையும் வேறாக்கவும் வருகிறது. ஆங்கிலத்தில் கழற்றுவதற்கு ஒரு சொல், வகையாக்குவதற்கு இன்னொரு சொல், இரண்டையும் சேர்க்க மூன்றாவதாக ஒரு தொடர். தமிழில் இரண்டும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. கழற்றும்போதே வகையாகிவிட வேண்டும் என்பதுதானே நாம் பெயர் தேடுகிற வேலையின் உயிர்?

பின்னே 'பிரிப்பு' என்று விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அது எல்லாவற்றுக்கும் பொது. இந்தத் தொழிலுக்கு இன்னொரு பாதி உண்டு. கழற்றியதை மேலிருந்து எறியக் கூடாது, இறக்க வேண்டும். கை மாற்றியோ, கயிற்றில் பாண்டு (சுமக்கும் சட்டி) கட்டியோ, சறுக்குப் பலகையிலோ இறக்க வேண்டும். கீழே நிற்கிறவர் தலை தப்புவது இதில்தான் இருக்கிறது. எறிந்த செங்கல் உடைந்துவிடும், இறக்கிய செங்கல் இன்னொரு சுவருக்கு ஆகும் என்பதும் இதில்தான் இருக்கிறது. ஆகவே பிரித்து + இறக்கல் = பிரித்திறக்கல். வேலை வரிசைக்குப் பிரித்திறக்கல் வரிசை, செய்கிறவருக்குப் பிரித்திறக்குநர். வேலையிடத்தில் கத்திச் சொல்ல, "பிரிச்சு எறக்கு". கலைச்சொல்லும் ஏவலும் ஒன்றாக இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். கூரை மேல் நிற்கிறவரிடம் அகராதியைக் காட்ட முடியாது.

நேற்றுத் தனிமடலில் ஒருவர் 'பிரித்திறக்கம்' என்றால் ஓசை நன்றாக இருக்கும் என்று எழுதினார். எங்கள் மாவட்டங்களில் 'இறக்கம்' என்றதும் நினைவுக்கு வருவது தொப்பூர்க் கணவாய். தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி எத்தனை உயிர் போன இடம் அது. 'இறக்கம்' என்பது தானாகச் சரிவது. 'இறக்கல்' என்பது ஒருவர் கையால் செய்வது. அந்தக் கை சொல்லுக்குள் இருக்கட்டும்.

அவரே எழுப்பிய இன்னொரு ஐயம் கனமானது. 'பிரித்திறக்க' என்று செயவெனெச்சமாக எழுதினால் சாவு என்ற பொருளும் எட்டிப் பார்க்கிறதே என்றார். பாதுகாப்புப் பாடத்தில் அது உறுத்தத்தான் செய்யும். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சில் இந்தக் குழப்பம் வராது. லோடு இறக்குவது, மூட்டை இறக்குவது, பாரம் இறக்குவது எல்லாம் அன்றாடம் வாயில் வருகிறவை. சாவைப் பற்றிப் பேசும்போது இங்கே யாரும் 'இறக்க' என்பதில்லை. எழுத்தில் மட்டும் அந்த வடிவத்தைத் தவிர்த்து, 'பிரித்திறக்கும்போது', 'பிரித்திறக்கலுக்கு' என்று எழுதுவோம். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

ஓசூர்ப் பிரிவில் ஒன்று நடந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் உண்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. நான் "பிரித்து இறக்கு" என்றதைத் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு "பிச்சி இளிசு" என்று மாற்றிச் சொன்னார். இறக்கு, இளிசு இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் கன்னடத்தில் கழற்றுவதைக் குறிக்கிற 'பிச்சி' தமிழ்க் காதில் பிய்த்து என்று விழுகிறது. பின்வரிசைப் பையன் கடப்பாரையை ஓங்கி, ரீப்பரைப் பிய்த்துவிட்டான். நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. அன்றிலிருந்து வாய்ச்சொல்லோடு கைச்சைகையும் கற்றுக்கொடுக்கிறேன். இரு கையையும் விலக்கி, பிறகு உள்ளங்கை கீழ்நோக்கி மெல்லத் தாழ்த்துவது. ஒடிசாக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

கழிவுப் பக்கத்துச் சொற்களிலும் எனக்குக் கருத்து உண்டு. 2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரே நாளில் 20 டன்னோ ஒரு பணியில் மாதம் 300 டன்னோ தாண்டுகிறவர்கள் கான்கிரீட், மண், இரும்பு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என்று வேறுபடுத்தி வைக்கச் சொல்லின. அங்கே ஒவ்வொரு வகைக் கழிவையும் குறித்து வந்த 'ஸ்ட்ரீம்' என்பதை இந்த இழையில் ஒருவர் 'கழிவு ஓடை' என்று மொழிபெயர்த்திருந்தார். நம் ஊரில் கழிவு ஓடை என்றால் சாக்கடை. 'குவியல்' போதும். கான்கிரீட் குவியல், செங்கல் குவியல். 'மூலத்திலேயே தரம்பிரித்தல்' என்ற அரசுத் தொடரும் வேண்டாம். 'மூலம்' என்றால் நோயாகத்தான் புரிகிறது, வகுப்பில் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். 'இறக்கிய இடத்திலேயே' என்று எழுதலாம்.

கழிவை வகை பிரிப்பதற்கு 'ஆய்தல்' என்று எழுதிய அம்மாவுக்கு: கீரை ஆய்வதை நினைத்தால் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. தொல்காப்பிய உரியியலும் ஆய்தலை 'உள்ளதன் நுணுக்கம்' என்று வைக்கிறது. ஆனால் வேலையிடத்தில் 'ஆய்வு' என்றதும் அதிகாரி வருகிறார் என்று ஓடிப்போய் ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள். அந்தச் சொல் கைவிட்டுப் போய்விட்டது.

ஏன் இவ்வளவு கவனமாகக் குவிக்க வேண்டும் என்று மேஸ்திரிகள் கேட்பார்கள். எல்லாம் ரப்பீஸ்தானே, டிராக்டரில் ஏற்றி ஏரிக்கரையில் கொட்டினால் போச்சு என்பார்கள். நான் கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணலின் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சொல்வேன். கான்கிரீட்டை மட்டும் உடைத்த ஜல்லியை எம் 25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை சேர்க்கலாம். செங்கல்லும் ஓடும் கலந்துவிட்டால் அந்த ஜல்லி எம் 15-க்குக் கீழான, சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டுக்குத்தான் ஆகும். ஒரு பாண்டு செங்கல் தூள் தவறான குவியலில் விழுந்தால் பொருளின் தரமே மாறிப்போகிறது. பால்ஸ் சீலிங்கில் வருகிற ஜிப்சம் இன்னும் மோசம், அதிலுள்ள சல்பேட் புதுக் கான்கிரீட்டை உள்ளிருந்து கெடுக்கும். இதைச் சொன்னபோது பர்கூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், "புளி மாதிரிதானே சார்? ஓடு தனி, நார் தனி, கொட்டை தனி. கொட்டை கலந்த புளிக்கு யாவாரி பாதி வெலதான் குடுப்பான்" என்றார். புளிக் காலத்தில் புளி தட்டி, மற்ற மாதங்களில் சித்தாள் வேலைக்கு வருகிறவர். அவர் கையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குவியல் போடக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு சொல்லுக்கு உங்கள் ஆதரவு வேண்டும். கூரையில் போடுகிற ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை எங்கள் பக்கம் 'சிமெண்ட் ஷீட்' என்கிறார்கள். அந்தப் பெயர் உள்ளே இருக்கிற நாரை மறைத்துவிடுகிறது. வெறும் சிமெண்ட்தானே என்று காய்ந்த தகட்டைச் சம்மட்டியால் உடைக்கிறார்கள், தூளைப் பெண்கள் துடைப்பத்தால் கூட்டுகிறார்கள். அந்த நார் மூச்சில் போனால் நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். கையேட்டில் 'கல்நார்த் தகடு' என்றே எழுதப் போகிறேன். தண்ணீர் தெளித்து, தகட்டைப் பிடித்திருக்கிற ஜே போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுத் தகடாக இறக்கி, எந்தக் குவியலிலும் சேர்க்காமல் தனியே மூடி வைக்க வேண்டும். பிரித்திறக்கல் என்ற சொல்லை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டிய முதல் இடம் இது. 'நார்' என்ற எழுத்து கண்ணில் பட்டால் துடைப்பத்தை எடுக்கிற கை கொஞ்சம் நிற்கும்.

சறுக்குப் பலகை, சறுக்குக் குழாய் இரண்டில் எது பொது வழக்கு என்று மதுரை, கோவைப் பக்கத்து நண்பர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பிரித்திறக்கலுக்கு மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கையேடு சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து