ஐந்தாம் சிம்பொனியும் அந்த அரை இடமும்

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி என்றாலே எல்லாருக்கும் அந்த நான்கு ஸ்வரம் ஞாபகம் வரும். எனக்கும் வெகு நாள் அவ்வளவுதான் தெரியும். கைவசம் இருந்தது ஒரே ஒரு சிடி. கண்டக்டர் (வாத்தியக் குழுவைக் கோலால் நடத்துபவர்) கார்லோஸ் கிளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்து 1974-இல் செய்த பதிவு. அதையே திரும்பத் திரும்பக் கேட்டதில், அதுதான் சிம்பொனி, வேறு மாதிரி இருக்கவே முடியாது என்று மனசில் ஊறிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டில் அதே சிம்பொனியை ஓட்டோ கிளெம்பரர் என்ற இன்னொரு கண்டக்டர் நடத்திய பதிவைப் போட்டார். லண்டன் ஃபில்ஹார்மோனியா குழு, 1959. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் இப்படி இழுக்கிறார்? நிறுத்துங்கள்" என்றேன். அவர் நிறுத்திவிட்டார். "இன்னொரு நாள் பொறுமையாகக் கேளுங்கள், ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பேச்சுதான் என்னைத் திருப்பிவிட்டது. ஸ்கோர் என்றால் ஒவ்வொரு கருவியும் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிய புத்தகம். பாக்கெட் அளவில் ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்திலேயே ஆச்சரியம். அந்த நான்கு ஸ்வரம் தாளத்தின் தலையில் தொடங்கவே இல்லை. முதலில் ஒரு சின்ன மௌனம் எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மூன்று ஸ்வரம், அடுத்த பாரின் (நம் ஆவர்த்தனம் மாதிரி) தலையில் நீளமாக நான்காவது. நம் ஊர்க் கச்சேரி கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அரை இடம் தள்ளி எடுப்பு. கண்டக்டரின் கோல் இறங்கும்போது சத்தம் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்திலிருந்து வயலின் முதல் டபுள் பாஸ் வரை மொத்தத் தந்திக் கூட்டமும், கூடவே இரண்டு கிளாரினெட்டும், ஒன்றாகக் குதித்தாக வேண்டும். ஒருவர் இம்மியளவு முந்தினாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

நான்காவது ஸ்வரத்தின் மேல் நிறுத்தக் குறி இருக்கிறது. எவ்வளவு நேரம் நிற்பது என்பது கண்டக்டர் இஷ்டம். ஆனால் இரண்டாம் முறை வரும்போது பீத்தோவன் கூடுதலாக ஒரு பார் சேர்த்து எழுதியிருக்கிறார். அதாவது இரண்டாவது நிற்பு முதலாவதைவிட நீளமாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் பதிவைப் போட்டாலும் முதல் பத்து விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

கிளைபர் அங்கே அதிகம் நிற்பதில்லை, வில்லிலிருந்து விட்ட மாதிரி பாய்ந்துவிடுகிறார். சிம்பொனியின் நான்கு பகுதிகளில் முதல் பகுதி அவருக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், கிளெம்பரருக்கு ஒன்பதை நெருங்குகிறது. இருவரும் பார்த்து நடத்தியது ஒரே ஸ்கோர்!

அப்புறம் வில்ஹெல்ம் ஃபுர்ட்வேங்லர் என்ற ஜெர்மன் கண்டக்டர். போர் முடிந்து, நாஜி ஆட்சிக்காலம் பற்றிய விசாரணை முடியும்வரை அவர் பெர்லினில் நடத்த முடியாமல் இருந்தது. 1947 மே மாதம்தான் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கிடம் திரும்பினார். குழுவின் பழைய அரங்கம் குண்டுவீச்சில் அழிந்துபோயிருந்ததால் டிட்டானியா பாலஸ்ட் என்ற சினிமா தியேட்டரில் கச்சேரி. அந்த நாட்களில் பதிவானது இன்றும் கிடைக்கிறது. முதலில் எனக்கு ஒட்டவில்லை. காலப்பிரமாணம் நிற்கவில்லையே என்றுதான் என் காது சொன்னது. நிற்க வேண்டிய இடத்தில் அளவுக்கு மீறி நிற்கிறார், மென்மையான இடம் வந்தால் தளர்த்துகிறார், முடிவு நெருங்க நெருங்க விரட்டுகிறார். நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் அந்தத் தளர்வும் விரட்டலும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது புரிந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு முறைதான் கேட்கிறேன். அடிக்கடி கேட்க மனசு தாங்காது.

நேர் எதிர்ப்பக்கம் ஜான் எலியட் கார்டினர், 1994. பீத்தோவன் காலத்துக் கருவிகள்: குடல் நரம்புத் தந்திகள், சுருதி மாற்றும் வால்வு இல்லாத ஹார்ன் என்ற பித்தளைக் கொம்புகள். பீத்தோவன் 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் அளவுகளை, அதாவது எவ்வளவு வேகத்தில் வாசிக்க வேண்டும் என்பதை, வெளியிட்டார். முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 அடி. அது சாத்தியமே இல்லாத வேகம் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். கார்டினர் அதை ஒட்டியே போகிறார், தடுமாறவும் இல்லை.

அதில் ஒரு இடத்தில் திடுக்கிட்டேன். இரண்டாவது மெட்டை அறிவிக்கும் ஹார்ன் அழைப்பு முதல் பகுதியின் பிற்பாதியில் திரும்ப வரும்போது, பழைய பதிவுகள் பலவற்றில் ஹார்னே ஊதும். கார்டினரிடம் பாஸூன் என்ற நீண்ட மரக்குழல். ஸ்கோரைப் புரட்டினால் பீத்தோவன் எழுதியதே பாஸூனுக்குத்தான். அன்றைய வால்வு இல்லாத ஹார்னால் மாறிய சுருதியில் அதைச் சுத்தமாக ஊத முடியாது. வால்வு வந்த பிறகு, அது அன்றே இருந்திருந்தால் பீத்தோவனும் ஹார்னுக்கே கொடுத்திருப்பார் என்று கண்டக்டர்கள் மாற்றிக்கொண்டார்கள். ஹார்னின் கம்பீரம் பிடித்தவன்தான் நான். ஆனாலும் எழுதியபடி வாசிப்பதே சரி என்று படுகிறது. பாஸூனின் கரகரப்பில் ஒரு பதற்றம் இருக்கிறது, ஹார்ன் வந்தால் அது போய்விடுகிறது.

ஆர்தர் நிக்கிஷ் 1913-இல் செய்த பதிவையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். மைக் இல்லாத காலம், ஒலியைப் பிடிக்கும் கூம்புக்கு முன் உட்கார்ந்து வாசித்தது. இரைச்சலுக்குள் பாதி மறைந்துபோகிறது. அதை வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை.

போன மாதம் ஒரு ராத்திரி கிளெம்பரரை மறுபடி எடுத்தேன், இந்த முறை முழுசாக, ஹெட்ஃபோனில். முதல் பகுதியில் மொத்தக் குழுவும் அடித்துக்கொண்டு போகும்போது திடீரென எல்லாரும் நின்று, நாதஸ்வரம் மாதிரி சீவாளி வைத்த ஓபோ மட்டும் ஒரு பார் தனியாகப் பாடும் இடம் உண்டு. மற்ற பதிவுகளில் அது எனக்கு ஒரு பெருமூச்சு மாதிரி கடந்துபோகும். இங்கே அவசரம் எதுவும் இல்லாததால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே இறங்கியது. மூன்றாம் பகுதி முடிந்து நான்காவதுக்குப் போகும் பாலத்தில் தந்திகள் அப்படியே நீண்டு நிற்க, டிம்பனி முரசு அடியில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த மூன்று டிராம்போனும் அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கும். நான்காம் பகுதி தொடங்கி அந்த வெளிச்சம் வந்தபோது புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் எல்லாம் தந்திகளுக்கு அடியில் அமுங்காமல் தனித்துக் கேட்டன. கிளைபரின் வேகத்தில் இத்தனை வருடம் இதையெல்லாம் தவறவிட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் நண்பருக்கு போன் போட்டு, அன்று நிறுத்தச் சொன்ன இடத்திலிருந்து பேச ஆரம்பித்தேன்.