ஜமைக்காவின் மூவர் பாடும் மெலோடியன்ஸ் குழுவை நீங்கள் முதலில் கேட்டது எங்கே?

டொரோண்டோ எக்ளிண்டன் வெஸ்டில், 'லிட்டில் ஜமைக்கா' என்பார்களே அங்கே, முடிவெட்டக் காத்திருந்தேன். ஏதோ பழைய சிடி ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. ஆனால் டிஸ்கோ தடதடப்பு எதுவும் இல்லை. மூன்று ஆண் குரல், அவசரமே இல்லாத பேஸ் கிட்டார். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "இதுதான் அசல், மெலோடியன்ஸ்" என்று சொல்லி, பின்பாட்டுக் குரலைத் தானும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். பாதி வெட்டிய தலையோடு ஒருவர் பாட்டு முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்! 1970-ல் லெஸ்லி காங் தயாரித்தது, டிஸ்கோ குழுவான போனி எம் அதைப் பாடியது 1978-ல்தான். வேறு யாருக்கு எப்படி அறிமுகம்?

---

எனக்கு 'தி ஹார்டர் தே கம்' என்ற ஜமைக்கா படத்தின் இசைத்தட்டு வழியாக. சர்ச்சில் வளர்ந்தவனுக்கு அந்தப் பாட்டுக்கு மூலமான பைபிளின் 137ஆம் சங்கீதம் புதிதில்லை, 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தையும் அதோடு கோத்திருப்பார்கள். ஆனால் ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தினர் பாபிலோன் என்று சொல்வது தங்களை நசுக்கும் அதிகாரத்தை. அதனாலேயே ஜமைக்கா வானொலியில் முதலில் தடை. பைபிளில் உள்ளதைத்தானே பாடியிருக்கிறார்கள் என்று காங் வாதாடித் தடையை நீக்க வைத்ததாக மெலோடியன்ஸ் பாடகர் ப்ரென்ட் டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அசலில், ராஸ்தஃபாரிகள் தெய்வமாகக் கருதும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைச் சொல்லும் இடத்தில் போனி எம் கர்த்தரை வைத்துவிட்டார்கள். பிரிட்டனில் 5 வாரம் முதலிடம், சரி, ஆனால் பாட்டின் கோபம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

---

இரண்டு பேரும் அந்த ஒரு பாட்டிலேயே நின்றுவிட்டீர்களே! ப்ரென்ட் டோ, டோனி ப்ரெவெட், ட்ரெவர் மெக்நாட்டன் மூவரும் கிங்ஸ்டன் கிரீனிச் டவுன் பையன்கள், அதற்கு முன்பே ராக்ஸ்டெடி இசையில் பெயர் வாங்கியவர்கள். டோனியின் அண்ணன் லாயிட்தான் ஸ்கடலைட்ஸ் இசைக்குழுவின் பேஸ் வாசிப்பாளர். 1966 வாக்கில் ஸ்கா என்ற துள்ளலான ஜமைக்கா இசையின் வேகம் குறைந்து, ஊதுகுழல்கள் பின்னுக்குப் போய், பேஸும் குரல்களும் முன்னுக்கு வந்தன; அதுதான் ராக்ஸ்டெடி. மூவர் சேர்ந்து பாடும் குழுக்களுக்கு அது பொற்காலம். தயாரிப்பாளர் ட்யூக் ரீடின் சாராயக் கடைக்கு மேலே இருந்த ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் பதிவான 'யூ டோன்ட் நீட் மீ' கேட்டுப் பாருங்கள். நான் அதை லண்டனில் ஒரு நண்பர் வீட்டில், கீறல் விழுந்த 45 ஆர்பிஎம் இசைத்தட்டில் கேட்டேன். காதலி போனதைப் பற்றிய பாட்டு, ஆனாலும் கால் தானாகத் தாளம் போடும். மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி நிற்பதை ஹெட்போனில்தான் சரியாகப் பிடிக்க முடியும்.

அப்புறம் சோனியா பாட்டிங்கர் தயாரித்த 'ஸ்விங் அண்ட் டைன்', 1968. அந்தக் காலத்து ஜமைக்காவில் ஒரு பெண் தயாரிப்பாளர் என்பதே பெரிய விஷயம். தேடும்போது ஒன்று கவனியுங்கள், பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்தவையும் அதே தலைப்பில் கிடக்கும். சிந்தசைசர் சத்தம் கேட்டால் உடனே அடுத்ததற்குப் போய்விடுங்கள்.