ஏப்ரல் 12, லண்டனில் பனி கொட்டுகிறது: இது அபூர்வமா, வழக்கமா?

ஹாரோவாசி (2021 ஏப்ரல் 12, காலை)

எல்லோருக்கும் வணக்கம். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்று காலை திரையை விலக்கிப் பார்த்தால் பின்வளவு முழுக்க வெள்ளை. ஏதோ நாலு துளி தூவியது இல்லை, சரியான ஸ்னோ, பெரிய பெரிய செதிலாக விழுந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்குள் கரைந்தும் போய்விட்டது. நாளை மறுநாள் சித்திரைப் பிறப்பு!

எனக்குப் புரியாதது என்னவென்றால், மார்ச் 30 அன்று இதே லண்டனில் கியூ கார்டன்ஸில் 24.5 டிகிரி அடித்தது, 53 வருடத்தில் மார்ச் மாதத்தின் அதிக வெப்பமான நாள் என்று செய்தியில் சொன்னார்கள். அந்த வெயிலை நம்பி, ஜன்னலோரம் வளர்த்த தக்காளிக் கன்று, மிளகாய்க் கன்று எல்லாவற்றையும் வெளியே நட்டுவிட்டேன். இன்று அவை வெந்த கீரை மாதிரி தொங்குகின்றன. அதைவிடக் கவலை, வீட்டோடு வந்த பிளம்ஸ் மரம் ஒன்று இருக்கிறது, போன வாரம்தான் கிளை தெரியாமல் பூத்தது, இப்போது பூவின் மேல் பனி. காய்க்குமா? ஏப்ரலில் பனி என்பது இங்கே எவ்வளவு அபூர்வம்?

லூயிஷம் அக்கா

தம்பி, நான் வந்து 28 வருடம். 2008 ஏப்ரல் 6 என்று நினைவிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் முழுக்க வெள்ளையாக இருந்தது, பிள்ளைகள் பனிமனிதன் செய்தார்கள். மதியம் பார்த்தால் பச்சைப் புல், தொப்பி மட்டும் கிடந்தது. ஏப்ரல் பனி அப்படித்தான். இந்த மாதத்துச் சூரியன் ஆகஸ்ட் கடைசியில் இருக்கிற அதே உயரத்தில் நிற்கிறது, அதனால் விழுந்தாலும் தங்காது.

இன்னொன்று, இங்கே கிறிஸ்துமஸை விட ஈஸ்டருக்குப் பனி விழ வாய்ப்பு அதிகம் என்று வானிலை அலுவலகமே சொல்லும். சராசரிக் கணக்கில் டிசம்பரை விட மார்ச்சில்தான் பனி விழும் நாட்கள் கூடுதல். நாங்கள் கார்டில் பார்க்கிற வெள்ளைக் கிறிஸ்துமஸை வைத்துக்கொண்டு டிசம்பர்தான் பனிக்காலம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

வானம்பார்த்தவன்

அக்கா சொன்னதற்குக் காரணம் கடல். வெயில் டிசம்பர் கடைசியிலேயே ஏறத் தொடங்கிவிடும், ஆனால் கடல் மெதுவாகத்தான் ஆறும், மெதுவாகத்தான் சூடாகும், இந்தத் தீவைச் சுற்றியிருக்கிற நீர் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். வடதுருவப் பக்கமும் குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த குளிர் மார்ச்சில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து மேற்கே அட்லாண்டிக்கில் ஒரு உயர் காற்றழுத்த மண்டலம் உட்கார்ந்துவிட்டால் வழக்கமான மேற்குக் காற்று நின்று வடக்குக் காற்று நேரே இறங்கும். மார்ச் 30-இல் காற்று தெற்கிலிருந்து வந்தது, இப்போது ஆர்க்டிக்கிலிருந்து வருகிறது. திசைதான் மாறியது.

எங்கள் ஊரில் "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பங்குனியோடு போர்வையை மடித்து வைத்துவிடுவோம். (அந்தப் பனி வேறு, இந்தப் பனி வேறு, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது இங்கே வந்த பிறகுதான் உறுத்துகிறது.) இங்கே மடித்து வைக்க முடியாது.

டெர்பிக்காரன்

ஏப்ரலுக்கே ஆச்சரியப்பட்டால் எப்படி, ஜூன் மாதத்தில் பனியால் கிரிக்கெட் நின்ற ஊர் இது. 1975 ஜூன் 2, பக்ஸ்டன், டெர்பிஷர் - லங்காஷர் ஆட்டம். சனிக்கிழமை கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் 167 அடித்தார், லங்காஷர் 477. ஞாயிறு ஓய்வு. திங்கள் காலை வந்து பார்த்தால் மைதானம் வெள்ளை, ஒரு பந்துகூட வீசவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த ஈரப் பிட்சில் டெர்பிஷர் 42, அடுத்து 87, கதை முடிந்தது. அந்த வாரமே சனிக்கிழமை முதல் உலகக் கோப்பை தொடங்கியது, மான்செஸ்டரில் இலங்கை தன் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தை மேற்கிந்தியத் தீவுகளோடு விளையாடி 86-க்குச் சுருண்டது. பனி விழுந்து ஐந்தே நாளில்! என் மாமா அப்போது மாணவராக இங்கே இருந்தார், இன்றைக்கும் ஜூன் பிறக்கும்வரை குளிர்ச்சட்டையை அலுமாரிக்குள் வைக்க மாட்டார்.

அபூர்வம் என்றால் அதுதான் அபூர்வம். ஏப்ரல் பனியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கென்ட் தோட்டம்

எல்லோரும் பனியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு மார்ச் 30-தான் பயமாக இருக்கிறது. ஏப்ரல் குளிர் எப்போதும் வந்ததுதான், அது வரும்போது மரம் இன்னும் மொட்டை இறுக்கி மூடிவைத்திருக்கும், இறுகிய மொட்டு நல்ல குளிரைத் தாங்கும். விரிந்த பூ மைனஸ் 2, 3 வந்தாலே தாங்காது. குளிர்காலம் வெதுவெதுப்பாகி, மார்ச்சில் கோடை மாதிரி வெயில் அடித்தால் மரம் முந்திப் பூத்துவிடுகிறது, ஆனால் கடைசி உறைபனி அதே வேகத்தில் முன்னுக்கு நகரவில்லை. ஜப்பானில் கியோட்டோவில் இந்த வருடம் மார்ச் 26-க்கே செர்ரி முழுப் பூப்பு, 1,200 வருடக் குறிப்புகளில் இவ்வளவு முந்திப் பூத்ததே இல்லை. பிரான்ஸில் போன வாரம் கொடிகள் உறைபனியில் கருகாமல் இருக்க இரவிரவாகத் திராட்சைத் தோட்டங்களில் வரிசைக்கு வரிசை மெழுகுச் சட்டி ஏற்றி வைத்திருந்தார்கள், பார்த்திருப்பீர்கள். படம் அழகு, அந்த விவசாயிகளுக்கு அது ஒரு வருடச் சாப்பாடு. பூமி சூடாகிறது என்றால் பனி ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தப் பூவைத்தான் காட்டுவேன்.

சரி, ஹாரோ தம்பிக்கு. பூவின் மேல் பனி கிடந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூவைக் கருக்குவது மேகமில்லாத இரவின் உறைபனி. மேகம் போர்வை மாதிரி, அது இல்லாத இரவில்தான் தரைச்சூடு எல்லாம் மேலே போய்விடும். நாளை மதியம் பத்து இருபது பூவைப் பறித்து நகத்தால் குறுக்கே கிள்ளிப் பாருங்கள். நடுவில் குட்டியாக ஒரு பச்சைக் குமிழ் இருக்கும், அதுதான் பிஞ்சு. பச்சையாக இருந்தால் உயிர், கறுத்திருந்தால் முடிந்தது, வெளியே இதழ் வெள்ளையாகவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஒரே மரத்தில் எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை, பிந்தி விரிகிறவை தப்பும். இரவு மைனஸ் என்று சொன்னால் ஃபிளீஸ் துணியோ பழைய படுக்கை விரிப்போ போட்டு மூடுங்கள், காலையில் கட்டாயம் எடுத்துவிடுங்கள், தேனீ வர வேண்டும், அது பத்து டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வெளியே வராது.

தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் மே கடைசிக்கு முன் வெளியே வைக்காதீர்கள்.

ஹாரோவாசி (ஏப்ரல் 13, மாலை)

அக்கா, அண்ணாமார், எல்லோருக்கும் நன்றி. இருபது பூ கிள்ளிப் பார்த்தேன். பதின்மூன்று கறுப்பு, ஏழு பச்சை. அதிலும் தென்பக்கச் சுவரை ஒட்டிய கிளையில் பறித்த ஐந்தும் பச்சை. மனைவியின் பழைய பருத்திச் சேலை இரண்டை மேலே போட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஹாரோவாசி (மே 9)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஏப்ரல் முழுக்க அந்தச் சேலை ஏறி இறங்கியபடியே இருந்தது, நாடு முழுக்கச் சராசரியாக 13 நாள் உறைபனியாம், 1960-இல் இந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து எந்த ஏப்ரலிலும் இவ்வளவு இல்லை. சுவர்ப்பக்கக் கிளையில் இன்று எண்ணினேன், முப்பத்தொரு பிஞ்சு. வடக்குப் பக்கக் கிளையில் ஒன்றுகூட இல்லை. புதிதாகப் போட்ட தக்காளி இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது.