'கட்டற்ற நீச்சல்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கோடை நீச்சல் வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் படிப்பது. எந்த நிலைமையில் எப்படி நீந்துவது என்பதுதான் பாடம். கரை கிட்டத்தில் இருக்கிறது, சட்டென்று சேரவேண்டும் என்றால் கிரால் (crawl), அதாவது குப்புறக் கிடந்து கையை மாறி மாறி முன்னே போட்டு நீந்துவது. தலையைத் தூக்கி எதிரே பார்த்தபடி போகவேண்டுமானால் தவளை நீச்சல். உடுப்போடு விழுந்துவிட்டாலும் அதுவே நல்லது. ஈரச் சட்டைக் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டால் சீக்கிரம் களைத்துவிடும். களைத்துவிட்டால் மல்லாந்துவிட வேண்டும்.

தவளை, மல்லாக்க இரண்டும் பிள்ளைகளே சொல்லும் பெயர்கள். கிராலுக்குத்தான் சொல் இல்லை. நாளிதழ்களில் வரும் 'கட்டற்ற நீச்சல்' ஃப்ரீஸ்டைல் என்ற போட்டியின் பெயர். அதில் எப்படியும் நீந்தலாம் என்பது விதி. கிரால்தான் வேகம் என்பதால் எல்லோரும் அதை அடிக்கிறார்கள். தண்ணீரில் தத்தளிக்கும் பிள்ளையிடம் போய்க் 'கட்டற்று நீந்து' என்றால் அதற்கு என்ன விளங்கும்?

(திருநெல்வேலி)

*

அம்மா,

கிரால் என்றால் தவழ்தல். 'தவழ்நீச்சல்' என்றே வைக்கலாம். முக்காலத்துக்கும் பொதுவான நல்ல வினைத்தொகை. நீந்து, நீத்தம், நீச்சு என்று ஒரே வேரில் கிளைத்த மொழி நம்முடையது. புறநானூறு 243இல் மருத மரக்கிளை ஏறி, கரையில் நிற்பவர்கள் மருள, 'துடுமெனப் பாய்ந்து, குளித்து மணற்கொண்ட' இளமையை ஒரு முதியவர் நினைத்து ஏங்குகிறார். அங்கே குளித்தல் என்றால் மூழ்குதல். முத்துக்குளித்தலில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. குளியலறைக்குள் அந்தச் சொல்லை நாம் அடைத்துவிட்டோம். கையேட்டில் உள்நீச்சலுக்குக் 'குளிநீச்சல்' என்று போட்டால் அதை மீட்கலாமே?

(தஞ்சாவூர்)

*

ஐயா, 243ஐ நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் 'குளிநீச்சல்' என்றால் என் மகள் சோப்பைத் தேடுவாள். உள்நீச்சல் எல்லோரும் அறிந்த சொல், இருக்கட்டும்.

'தவழ்நீச்சல்' எனக்கு ஒட்டவில்லை. தவழ்வது மெல்ல நகர்வது. இதுவோ இருப்பதிலேயே வேகமான நீச்சல். ஆங்கிலக்காரர் வைத்த உவமையை நாம் ஏன் சுமக்கவேண்டும்? கை மாறி மாறி வருவதால் 'மாறுகை நீச்சல்' எனலாம்.

(கோவை)

*

தம்பி, மாறுகை மாறுகால் வாங்குவது, அதாவது ஒரு பக்கக் கையையும் மறுபக்கக் காலையும் வெட்டுவது, அந்தக் காலத்துத் தண்டனை! பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அது வேண்டாம்.

(தஞ்சாவூர்)

*

சரி, அப்போ 'கைமாற்று நீச்சல்'?

(கோவை)

*

கைமாற்று என்றால் எங்கள் ஊரில் கடன். 'குப்புற நீச்சல்' என்பதையும் யோசித்துப் பார்த்தேன். தவளை நீச்சலும் குப்புறத்தானே, பிரித்துக் காட்டாது.

நேற்று வகுப்பில் பெயர் சொல்லாமல் நீந்திக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். ஒருத்தி "கையை வீசி வீசிப் போறது" என்றாள். 'கைவீச்சு நீச்சல்' எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. பெயரைக் கேட்டதுமே கை எழவேண்டும், அது இதில் நடக்கிறது. மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

(திருநெல்வேலி)

*

எனக்குச் சம்மதம்.

(கோவை)

*

எனக்குச் சம்மதமில்லை. வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் கைவீச்சுத்தான், அதுவும் இரண்டு கையும் சேர்ந்து. 1952 வரை அதை மார்பு நீச்சலின் (நம் தவளை நீச்சல்தான்) ஒரு வகையாகவே போட்டிகளில் வைத்திருந்தார்கள், பிறகு பிரித்தார்கள். பெயர் தெளிவாக இல்லாவிட்டால் நாமும் இப்படிப் பின்னால் பிரிக்கவேண்டி வரும்.

(தஞ்சாவூர்)

*

ஐயா, வண்ணத்துப்பூச்சி இந்தக் கையேட்டில் இல்லை. ஆபத்தில் யாரும் அதை அடிக்கப்போவதில்லை, அவ்வளவு களைப்பு. 'கைவீச்சு' என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

(திருநெல்வேலி)

*

அனுப்பியது சரிதான் அம்மா, பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. இரண்டாம் பதிப்பில் வண்ணத்துப்பூச்சி சேரும்போது 'தவழ்நீச்சல்' என்று மறுபடி எழுதுவேன்.

(தஞ்சாவூர்)