டெக்சாஸில் மூடப்பட்ட வழக்கைக் கிரீன் கார்டு படிவத்தில் எழுத வேண்டுமா?

கேள்வி:
டாலஸில் எச்1பி விசாவில் பணிபுரியும் என் தம்பி மீது, கடையில் 100 டாலருக்குச் சற்று மேற்பட்ட பொருளைப் பணம் செலுத்தாமல் எடுத்ததாக 2019இல் திருட்டு வழக்குப் பதிவானது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் டிஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பை நிறுத்திவைத்து நன்னடத்தைக் காலம் தருவது) கிடைத்து, நன்னடத்தைக் காலம் முடிந்ததும் வழக்கு டிஸ்மிஸ் ஆனது. இதை எக்ஸ்பங்ஷன் மூலம் அழித்துவிட்டால், கிரீன் கார்டு படிவத்தில் கைதானதே இல்லை என்று எழுதலாம் என உடன் பணிபுரிபவர்கள் சொல்வது சரியா?

மறுமொழி 1:
சரியன்று. எக்ஸ்பங்ஷன் ஆவணத்தையே அழிப்பது. நான்டிஸ்க்ளோஷர் ஆணை அதைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைப்பது மட்டுமே. 100 முதல் 750 டாலருக்குள் அடங்கும் திருட்டு பி வகுப்புக் குற்றம் என்பதால், டிஃபர்டு அட்ஜுடிகேஷனில் முடிந்த இந்த வழக்குக்கு எக்ஸ்பங்ஷன் கிடைக்காது. (100 டாலருக்குக் குறைவாக இருந்திருந்தால் அபராதம் மட்டுமே உள்ள சி வகுப்பு, அழிக்கவும் வழி இருந்திருக்கும்.) வேறு வழக்கு இல்லையென்றால் நான்டிஸ்க்ளோஷருக்கு அவர் தகுதியுள்ளவராகவே தெரிகிறது, வாடகை வீட்டுக்கும் பெரும்பாலான தனியார் வேலைகளுக்கும் அது போதும்.

குடிவரவுத் துறையிடம் மாநில ஆணை எடுபடாது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் அது குற்றத்தீர்ப்பே என்று 1996ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வரையறுக்கிறது. ஆவணம் மூடப்பட்டிருந்தாலும் கைதைத் தெரிவிக்கும்படி கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் கேட்கிறது. கைரேகை வைத்ததும் எஃப்பிஐ பதிவில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றை மறைத்தால், பழைய திருட்டைவிடப் பெரிய சிக்கலை அவரே வரவழைத்துக்கொள்வார். அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாத, விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டாத ஒரே குற்றத்துக்கு, அது கிரீன் கார்டுக்குத் தடையாகாமல் காக்கும் 'சிறு குற்ற விலக்கு' உண்டு. பி வகுப்புக்கு அதிகபட்சம் 180 நாள்தான். உண்மையைச் சொன்னால்தான் அந்த விலக்கைக் கோர முடியும்.

மறுமொழி 2:
மேலே உள்ளதை வழிமொழிகிறேன். ஆணைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, முத்திரையிட்ட சான்றளிக்கப்பட்ட தீர்ப்பு நகல்களைக் கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். கிரீன் கார்டுக்கும் பின்னாளில் குடியுரிமைக்கும் அவற்றைக் கேட்பார்கள். மூடிய பிறகு பெறுவது அலைச்சல்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆணை கிடைத்த பிறகும் தனியார் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்களின் பட்டியலில் பெயர் நீடிக்குமா?

மறுமொழி 1:
பழைய தரவை வைத்திருக்கும் நிறுவனங்களில் நீடிக்கலாம். ஆணையின் நகலை இணைத்து, நீக்கும்படி எழுத்துமூலம் கோருங்கள். படிவத்தை நிரப்பும் முன், குற்றவியலும் குடிவரவும் சேர்ந்து தெரிந்த வழக்கறிஞரிடம் தீர்ப்பு நகலைக் காட்டிவிடுங்கள்; ஒன்று மட்டும் தெரிந்தவர் போதாது.