வங்கதேச எல்லை: வேலி போட்டால் ஊடுருவல் நின்றுவிடுமா? நிலம் தராதது யார், தடுக்காதது யார்?

கேள்வி: தாமிரபரணி_வாசகன்

டிவி விவாதத்துல ரெண்டே வசனம்தான் திரும்பத் திரும்ப ஓடுது. "மேற்கு வங்க அரசு நிலம் தரல, அதான் வேலி பாதியில நிக்குது"ன்னு ஒரு தரப்பு. "எல்லையில நிக்கிறது பி.எஸ்.எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை), அது மத்திய உள்துறை கையில இருக்கு, எங்களை ஏன் கேக்கறீங்க"ன்னு இன்னொரு தரப்பு. எது எவ்வளவு சரி?

கூடவே ரெண்டு சந்தேகம். "2 கோடி ஊடுருவல்காரர்கள்"ங்கிற கணக்கு எங்கிருந்து வந்தது? பிடிபட்டவங்களை ஏன் உடனே திருப்பி அனுப்ப முடியல? 2025 ஜனவரியில திருப்பூர் பக்கம் பிடிபட்ட சிலர்கிட்ட ஆதார் இருந்ததுன்னு செய்தி வந்தது. ஆதார் இருந்தா எப்படி வெளிநாட்டுக்காரர்னு சொல்றாங்க?

கட்சிச் சண்டை வேண்டாம். சட்டமும் நடைமுறையும் தெரிஞ்சவங்க எழுதுங்க.

பதில் 1: எல்லைக்கல்

வேலி பத்தி மட்டும் சொல்றேன்.

மொத்த எல்லை 4,096.7 கி.மீ. அதுல பாதிக்கு மேல, 2,216.7 கி.மீ., மேற்கு வங்கத்துல. திரிபுரா 856, மேகாலயா 443, மிசோரம் 318, அசாம் 263. உள்துறை அமைச்சகம் 2025 பிப்ரவரியில நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த பதில்படி வேலி இல்லாத நீளம் சுமார் 864 கி.மீ. அதுல 174 கி.மீ. வேலி போடவே முடியாத இடம்னு அவங்களே ஒதுக்கிட்டாங்க. ஆறு, சதுப்பு, ஆத்துக்கு நடுவுல வருஷாவருஷம் இடம் மாறுற மணல்திட்டு.

மேற்கு வங்கத்துல மட்டும் பாக்கி சுமார் 569 கி.மீ. போட முடியாத 113-ஐக் கழிச்சா 456. 2025 ஆகஸ்ட் கணக்குல இந்த 456-ல நிலம் கைக்கு வந்தது 78 கி.மீ.தான். சுமார் 149 கி.மீ.க்கு நிலமெடுப்பு தொடங்கவே இல்லை, மிச்சம் நடுவழியில. அதனால "நிலம் தரல"ங்கிறதை வெறும் மேடைப்பேச்சுன்னு தள்ள முடியாது. பணம் மத்திய அரசுது, ஆனா நிலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியது மாநில வருவாய்த் துறை. கட்டாயமா எடுக்காம நேரடியா விலைபேசி வாங்குறதுங்கிற வழியை மேற்கு வங்கம் பிடிச்சது. துண்டு துண்டான நிலம், ஒரே பட்டாவுல நாலு வாரிசு. ஒருத்தர் கையெழுத்துப் போடலைன்னாலும் அந்தத் துண்டுல வேலை நிக்கும்.

ஆனா நிலம் மட்டுமே காரணம்னா அதுவும் தப்பு. 1975-ல ரெண்டு நாடும் போட்ட எல்லை வழிகாட்டு விதிப்படி எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள்ள (சுமார் 137 மீட்டர்) பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் கூடாது. முள்வேலி பாதுகாப்புக் கட்டுமானமான்னு ரெண்டு நாட்டுக்கும் இன்னும் தகராறு. அதனால இந்தியா பெரும்பாலும் 150 கஜம் உள்வாங்கியே வேலி போட்டிருக்கு. எல்லைக்கோட்டை ஒட்டியே வீடுங்க இருக்கிற ஊர்ல உள்வாங்க முடியாது. அங்க ஒற்றை வரிசை வேலியை முன்னால கொண்டுபோகணும், அதுக்கு வங்கதேச எல்லைக் காவல்படை தலையாட்டணும். 2025 ஜனவரியில மால்டா, கூச்பிகார் பக்கம் வேலி வேலைக்கு அவங்க எதிர்ப்புத் தெரிவிச்சு, டாக்காவுல இந்தியத் தூதரைக் கூப்பிட்டாங்க, மறுநாள் டெல்லி அவங்க தூதரக அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்புச்சு. கொல்கத்தா என்ன செஞ்சாலும் தீராத பகுதி இது.

உள்வாங்கிப் போட்டதுக்கு விலை கொடுக்கிறது விவசாயி. வேலிக்கு அந்தப் பக்கம் இந்திய நிலம், சில இடத்துல இந்திய ஊரே கிடக்கு. கேட் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறக்கும். அடையாள அட்டையைக் கேட்ல கொடுத்துட்டுப் போகணும், மூடுறதுக்குள்ள திரும்பணும். சணல், மக்காச்சோளம் மாதிரி ஆள் மறையுற பயிரைப் போடாதேன்னு படை சொல்லும். சணலைவிட்டா வேற வருமானம் இல்லாத மண்ணுல இது சும்மா சண்டை இல்லை.

வேலி முடிஞ்ச இடத்துல என்ன நடக்குது? பழைய வேலி ரெண்டு வரிசைத் தூண், நடுவுல சுருள் முள்கம்பி. 1986-ல அனுமதிச்ச முதல் கட்ட வேலி அந்த ஈரக்காத்துல துருப்பிடிச்சு, பெரும்பகுதியை மாத்த வேண்டியதாச்சு. ஃபென்சிடில் இருமல் மருந்து பாட்டிலை வேலிக்கு மேல தூக்கி எறிஞ்சே கடத்துறாங்க. ஆத்துப் பக்கம் மாட்டோட கழுத்துல வாழைத்தண்டைக் கட்டி மிதக்கவிட்டு அனுப்புறாங்க. வேலிங்கிறது ஆளை நிறுத்துற சுவர் கிடையாது. வெட்டுறதுக்கு ஆகிற அந்தச் சில நிமிஷத்துல ரோந்து வந்து சேரணும், அதுக்குத்தான். அதனால புறக்காவல் நிலையங்களுக்கு நடுவுல உள்ள தூரத்தை 3.5 கி.மீ.க்குக் கொண்டுவரணும்னு இலக்கு வச்சாங்க. ஆளும் வெளிச்சமும் இல்லாத இடத்துல கம்பி அழகுக்குத்தான்.

பிரம்மபுத்திரா வங்கதேசத்துக்குள்ள நுழையிற, அசாம்ல இருக்கிற துப்ரியில 61 கி.மீ.க்கு வேலியே கிடையாது. அங்க 2019 மார்ச்ல கேமரா, ரேடார், உணர்கருவி வச்ச அமைப்பைத் தொடங்கினாங்க. வெள்ளம் வந்தா கரையே நகருது, கருவியையும் நகர்த்தணும்.

இன்னொண்ணு, திரிபுராவைப் பாருங்க. எல்லையில பெரும்பகுதிக்கு வேலி ஆயிடுச்சு, 2018-லேருந்து டெல்லியில ஆளுற கட்சிதான் அங்கேயும். ஆனாலும் அகர்தலா ரயில் நிலையத்துல வங்கதேசத்துக்காரங்க பிடிபட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. மாநில அரசு ஒத்துழைச்சா முடிஞ்சிடும்னு சொல்றவங்க இதுக்கும் பதில் சொல்லணும்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

2 கோடி: 2016 நவம்பர்ல மாநிலங்களவையில உள்துறை இணையமைச்சர் கிரண் ரிஜிஜு சொன்னது. அதுக்கு முந்தி 2004-ல அப்போதைய உள்துறை இணையமைச்சர் ஸ்ரீபிரகாஷ் ஜெய்ஸ்வால், அப்ப காங்கிரஸ் ஆட்சி, 2001 முடிவுக்கு சுமார் 1.2 கோடின்னு சொன்னார். கொஞ்ச நாள்லேயே அது நம்பத்தக்க ஆய்வு இல்லை, கேள்விப்பட்டதை வச்சுச் சொன்னதுன்னு பின்வாங்கினாங்க. ரெண்டுக்கும் எண்ணும் முறை எதுவும் வெளியிடப்படல. திருட்டுத்தனமா வர்றவங்களை எண்ண முடியாதுன்னு உள்துறையே வேற பதில்கள்ல சொல்லியிருக்கு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, முன்பு வசித்த இடம் வங்கதேசம்னு சொன்னவங்க 2001-ல சுமார் 30 லட்சம். 2011-ல அது குறைஞ்சது. அதுல பெரிய பங்கு பிரிவினையிலயும் 1971 போர்லயும் வந்த வயசானவங்க. மறைச்சுச் சொல்றவங்க இதுல வரமாட்டாங்கதான். ஆனா 30 லட்சத்துக்கும் 2 கோடிக்கும் நடுவுல உள்ள பள்ளத்தை "மறைச்சுட்டாங்க"ங்கிற ஒரே வார்த்தையால ரொப்ப முடியாது.

பதில் 3: வாய்தா

திருப்பி அனுப்புவது, ஆதார் இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆதார் என்பது வசிப்பிடச் சான்று. விண்ணப்பிக்கும் முன் 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருந்தால் வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே அது குடியுரிமைக்கு ஆதாரமில்லை என்கிறது. திருப்பூர் போன்ற வழக்குகளில் பெரும்பாலும் பிரச்சினை போலி முகவரிச் சான்று வைத்து எடுத்த அட்டை.

அப்படியானால் எது சான்று? பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் அதுவே போதும். அதன்பின் 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியர் என்று காட்ட வேண்டும். அதற்கும் பிந்திப் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக, அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும். அஞ்சல் நிலையத்தில் கிடைக்கும் ஒற்றைக் "குடியுரிமை அட்டை" எதுவும் நம்மிடம் இல்லை. எல்லைக்கோட்டில் காலை வைக்கும்போதே பிடித்தால் இந்தக் கேள்வி எழாது. திருப்பூரிலோ குருகிராமிலோ பிடித்தால் எழும்.

உள்ளே பிடிபட்டவருக்கு வழக்கமான வழி இது: காவல்துறை வழக்கு. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம். பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணம் என்றால் 2 முதல் 7 ஆண்டு. விசா காலம் கடந்து தங்கினால் 3 ஆண்டு வரை. தண்டனை முடிந்தபின் தடுப்பு முகாம். இங்கே பலரைத் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கிறார்கள். இதற்கிடையில் அவர் சொன்ன ஊர், தந்தை பெயர், காவல் நிலைய எல்லை எல்லாம் வெளியுறவுத் துறை வழியே வங்கதேசத் தூதரகத்துக்குப் போகும். அவர்கள் உள்ளூரில் விசாரித்து "எங்கள் ஆள்தான்" என்று சொன்னால் பயண அனுமதிச் சீட்டு வரும், எல்லையில் ஒப்படைப்பார்கள்.

தேங்குவது இந்த விசாரிப்பில்தான். தவறான ஊர்ப் பெயர் சொல்லியிருப்பார், அல்லது அந்த ஊரை ஆறு அரித்துக் கொண்டு போயிருக்கும், அல்லது அங்கே கோப்பைத் தொட யாருக்கும் அவசரம் இருக்காது. வாங்கிக்கொள்ள மறுக்கும் நாட்டுக்கு ஆளை அனுப்ப எந்தச் சட்டத்தாலும் முடியாது. வேலிக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு கவனமாவது இந்த மேசைக்கு வந்திருக்கலாம்.

பி.எஸ்.எஃப் பற்றி ஒரு வார்த்தை. 2021 அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாமில் அதன் அதிகார எல்லையை 15 கி.மீ.லிருந்து 50 ஆக்கினார்கள். பஞ்சாப் உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் தேடலாம், பறிமுதல் செய்யலாம், கைது செய்யலாம், அவ்வளவுதான். பிடித்தவரை மாநிலக் காவல்துறையிடம்தான் கொடுக்க வேண்டும். "எல்லை மத்திய அரசுடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பது அந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

பதில் 4: நேர்பேச்சு

இவ்வளவு நடைமுறை பார்த்தால் ஒருத்தரைக்கூட அனுப்ப முடியாது. 2025 மே மாதத்துக்கு அப்புறம் நேரா எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாங்க, வேலை நடந்துச்சு. அசாம்ல 1950 வெளியேற்றச் சட்டத்தையே தூசி தட்டி எடுத்துட்டாங்க. மாவட்ட ஆட்சியர் 10 நாள் தருவார், நிரூபிக்கலைன்னா வெளியேறு. இதைவிட்டா வேற வழி என்ன?

பதில் 5: வாய்தா

@நேர்பேச்சு அதிலேயே ஓட்டை இருக்கிறது. 2025 மே மாதம் உள்துறை மாநிலங்களுக்கு எழுதியதே 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும் என்றுதான். பல இடங்களில் சரிபார்க்காமலே தள்ளினார்கள். டெல்லியில் பிடித்து எல்லை தாண்டி அனுப்பப்பட்ட மேற்கு வங்கக் குடும்பங்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி 2025 செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வங்காளம் பேசுகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். பேச்சை வைத்துப் பிரிக்க முடியாது.

அசாமில் ஏன் நிரூபிப்பது கடினம் என்பதையும் பாருங்கள். சுமை முழுவதும் குற்றம் சாட்டப்பட்டவர் மீது. பழைய வெளிநாட்டவர் சட்டத்தில் 9-ஆம் பிரிவு, 2025 சட்டத்தில் 16. வெளிநாட்டவர் தீர்ப்பாயத்தில் இரண்டு அடுக்கு ஆவணம் வேண்டும். முதலாவது, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்திய 1951 குடிமக்கள் பதிவேட்டிலோ வாக்காளர் பட்டியலிலோ தாத்தா அல்லது அப்பா பெயர், சான்றிட்ட நகலாக. இரண்டாவது, அவர் உங்கள் அப்பாதான் என்று காட்டும் இணைப்புச் சான்று. ஆண்களுக்குப் பள்ளிச் சான்று ஓரளவு கிடைக்கும். பள்ளிக்குப் போகாமல் சிறுவயதில் மணமாகி வேறு ஊர் போன பெண்ணுக்குக் கிடைப்பது பஞ்சாயத்துச் செயலர் தரும் சான்று மட்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கலாம் என்றது, ஆனால் தந்தவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும், பதிவேடு காட்ட வேண்டும். பட்டியலில் வயது ஐந்து ஆண்டு முன்பின், பெயரில் ஓர் எழுத்து மாற்றம் என்று தோற்றவர்கள் ஏராளம். 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் சின்ன எழுத்துப் பிழையை வைத்து அந்நியர் ஆக்கக் கூடாது, சந்தேகப்படவும் கையில் ஏதாவது ஆதாரம் இருக்க வேண்டும் என்றது. பத்து நாளில் இதையெல்லாம் யார் திரட்டுவது?

2019 ஆகஸ்ட் 31-ல் வந்த அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். பட்டியலைக் கேட்டுப் போராடிய தரப்பே அதை ஏற்கவில்லை. ஏன் விடுபட்டோம் என்ற மறுப்புச் சீட்டும் அவர்களுக்குத் தரப்படவில்லை, சீட்டு இல்லாமல் மேல்முறையீடும் இல்லை.

தாமிரபரணி_வாசகன்

நன்றி. ஒண்ணு மட்டும். இதே சட்டத்துல நம்ம முகாம்கள்ல இருக்கிற இலங்கைத் தமிழர் நிலை என்ன? 2025-ல அவங்களுக்கு விலக்கு கொடுத்தாச்சு, இனிமே குடியுரிமைதான்னு வாட்ஸ்அப்ல சுத்துதே.

பதில் 6: மண்டபம்_கரை

தண்டனையிலேருந்து விலக்கு, அவ்வளவுதான். 2025 செப்டம்பர் ஆணைப்படி 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து தஞ்சம் புகுந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லைங்கிறதுக்காக வழக்கு வராது. குடியுரிமைச் சட்டத்துல "சட்டவிரோதக் குடியேறி"ங்கிற முத்திரை அப்படியே நிக்குது. அதை எடுக்கிற விதிவிலக்கு 2019 திருத்தத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டுக்கும், அதுல ஆறு மதத்தாருக்கும் மட்டும். இலங்கை அதுல இல்லை. முத்திரை இருக்கிற வரைக்கும் பதிவு வழியாவோ, இயல்புரிமை (பல வருஷம் வசிச்சதை வச்சுக் கேக்கிறது) வழியாவோ விண்ணப்பிக்க முடியாது, முகாமுக்கு 1983-ல வந்திருந்தாலும் சரி.

முகாம்ல பிறந்தவங்களுக்கு மட்டும் மேல வாய்தா சொன்ன தேதிக் கணக்கு உதவும். 1987 ஜூலை 1-க்கு முன்னால இங்க பிறந்தவர்னா அவர் பிறப்பாலேயே இந்தியர், மனு போட வேண்டியது பாஸ்போர்ட்டுக்குத்தான். அப்படிப் பிறந்தவங்க இருக்காங்க. மருத்துவமனைப் பதிவை வச்சு, பிறப்புப் பதிவே இல்லாம விட்டிருந்தா தாமதப் பதிவு நடைமுறையில, முதல்ல பிறப்புச் சான்றிதழை எடுங்க. முகாம் குடும்ப அட்டையில இருக்கிற தேதியும் சான்றிதழ்ல இருக்கிற தேதியும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு விண்ணப்பம் போடுங்க. ஒத்துப்போகலைன்னா முதல்ல வருவாய்த் துறையில திருத்தம், அப்புறம்தான் பாஸ்போர்ட் அலுவலகம்.